எட்டு பெடல், ஒரே பவர்: அடாப்டர் குவியல் இல்லாமல் எப்படி?

ஆறுதந்தி:

வணக்கம். போர்டில் கிடார் ஒலியை மாற்றும் எட்டு எஃபெக்ட் பெடல் இருக்கிறது. கிடாரில் தொடங்கி ஆம்ப் வரை வரிசையாகச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பது லேபிளிலோ மேனுவலிலோ போட்டிருக்கும் கரண்ட்.

ஜெர்மானியம் ஃபஸ் (பிஎன்பி வகை டிரான்ஸிஸ்டர், இப்போது பாட்டரியில் ஓடுகிறது), வா பெடல் 1 மில்லி ஆம்ப், ட்யூனர் 30, கம்ப்ரெஸர் 5, ஓவர்டிரைவ் 8, அனலாக் கோரஸ் 20, டிஜிட்டல் டிலே 65, ரிவர்ப் 300. எல்லாமே 9 வோல்ட்.

ஆறு அடாப்டரும் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டும் போட்டால் பெடலைவிட வயர்தான் அதிகமாகத் தெரிகிறது. அதனால் 9 வோல்ட், 1 ஆம்ப் அடாப்டர் ஒன்றில் டெய்ஸி செயின் (ஒரே வயரில் பல ப்ளக் தொங்கும் கேபிள்) போட்டுப் பார்த்தேன். இரண்டு பிரச்சினை:

ஒன்று, ஓவர்டிரைவை ஆன் செய்தால் பின்னணியில் மெல்லிய "கீ...ங்" என்று ஒரு விசில். கெயினைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது. கிடார் வால்யூமைப் பூஜ்யமாக்கினாலும் நிற்கவில்லை.

இரண்டு, ஃபஸ்ஸையும் அதே செயினில் செருகினால் எல்லாப் பெடலும் ஒரே நேரத்தில் அணைந்துவிடுகிறது. எடுத்துவிட்டால் திரும்ப வருகிறது.

1 ஆம்ப் போதவில்லையா? 2 ஆம்ப் அடாப்டர் வாங்கினால் சரியாகுமா, அல்லது வேறு வழிக்குப் போக வேண்டுமா?

---

சால்டர்புகை:

கரண்ட் பத்தலைன்னு இல்லைங்க. நீங்க போட்ட கணக்கையே கூட்டிப் பாருங்க: 1, 30, 5, 8, 20, 65, 300. மொத்தம் 429. ஆயிரத்துல பாதிகூட ஆகலை. 2 ஆம்ப் வாங்கினாலும் அதே விசில்தான் வரும்.

விசிலுக்குக் காரணம் ரிவர்பும் டிலேயும். இந்த மாதிரி டிஜிட்டல் பெடல் உள்ளே 9 வோல்ட்டை 5, 3.3ன்னு இறக்குற கன்வெர்ட்டர் இருக்கும், ப்ராஸஸருக்கு ஒரு க்ளாக் இருக்கும். இதெல்லாம் கரண்ட்டைச் சீரா இழுக்காது, துடிச்சுத் துடிச்சு இழுக்கும். டெய்ஸி செயின்ல அந்தத் துடிப்பு ஓடுற அதே கிரவுண்டு வயரைத்தான் (கரண்ட் திரும்பிப் போற பொது வயர்) ஓவர்டிரைவும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. வயருக்கும் ப்ளக் காண்டாக்டுக்கும் சேர்த்து 0.1 ஓம்தான் ரெஸிஸ்டன்ஸ்னு வெச்சுக்குவோம். 300 மில்லி ஆம்ப் அதுல போனா 30 மில்லி வோல்ட் விழும். அந்த 30லே ஒரே ஒரு மில்லி வோல்ட் ஆடினா போதும். ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் சர்க்யூட்ல டிரைவை முழுசா வெச்சா கெயின் கிட்டத்தட்ட 118 மடங்கு. ஒரு மில்லி வோல்ட் ஆட்டம் 100 மில்லி வோல்ட்டுக்கு மேல வந்து நிக்கும், அது கிடார் சிக்னல் அளவு. கெயின் கூட்டினா விசில் கூடுறது இதனாலதான். கிடார் வால்யூமைக் குறைச்சும் நிக்காததுக்கும் இதே காரணம்: சத்தம் கிடார்ல இருந்து வரலை, பெடலுக்கு நடுவுல நுழையுது.

போதாததுக்கு, பெடலுக்குப் பெடல் ஆடியோ கொண்டுபோற பேட்ச் கேபிளோட வெளிக் கம்பி உறையும் (ஷீல்டு) எல்லாப் பெடல் கிரவுண்டையும் ஏற்கெனவே சேர்த்து வெச்சிருக்கு. பவர் வயர் வழியா ஒரு கிரவுண்டு, ஆடியோ கேபிள் வழியா இன்னொரு கிரவுண்டு. ரெண்டும் சேர்ந்தா ஒரு வளையம்.

உறுதி பண்ண அஞ்சு நிமிஷம் போதும். ரிவர்பை மட்டும் செயின்ல இருந்து கழட்டி அதோட சொந்த அடாப்டர்ல போடுங்க, ஆடியோ கேபிளைத் தொடாதீங்க. விசில் போயிட்டா வேலை முடிஞ்சுது. கொஞ்சம் மிச்சம் இருந்தா டிலேயையும் அதே மாதிரி பிரிங்க.

ஃபஸ் விஷயம் வேற. பிஎன்பி ஜெர்மானியம் ஃபஸ்ல பாஸிட்டிவ்தான் கிரவுண்டு. அதாவது பாட்டரியோட ப்ளஸ் முனைதான் பெடல் பாடியிலயும் ஜேக் ஸ்லீவ்லயும் சேர்ந்திருக்கும். மத்த ஏழு பெடலுக்கும் மைனஸ்தான் கிரவுண்டு. பேட்ச் கேபிள் ஷீல்டு இந்த ரெண்டு கிரவுண்டையும் சேர்க்குது, அப்போ ஒரே அடாப்டரோட ப்ளஸ்ஸும் மைனஸும் நேரா ஷார்ட். உங்க அடாப்டர்ல ப்ரொடெக்‌ஷன் இருக்கிறதால அணைஞ்சு திரும்ப வருது. அது இல்லாத அடாப்டரா இருந்தா வயரே சூடேறியிருக்கும். திரும்பச் செருகிப் பார்க்காதீங்க.

இன்னொண்ணு, செயின்ல சும்மா தொங்குற ப்ளக்கைக் கவனிங்க. சென்டர் நெகட்டிவ்னா உள் துளை மைனஸ், வெளி உருளைதான் ப்ளஸ். அந்த உருளை பெடலோட உலோகப் பாடியில உரசினா அதுவும் ஷார்ட்தான். பயன்படாத ஒவ்வொரு ப்ளக் முனைக்கும் ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்குற குழாய்) மூடியோ இன்சுலேஷன் டேப்போ கட்டாயம்.

---

கம்பிச்சுருள்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. தீர்வு ஐசோலேட்டட் பவர் சப்ளை. ஒவ்வொரு வெளிவழிக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் சுற்று, அல்லது தனி டிசி-டிசி கன்வெர்ட்டர் இருக்கும். ஒரு வழியின் மைனஸும் அடுத்த வழியின் மைனஸும் பெட்டிக்குள் எங்கும் சந்திக்காது. ஆடியோ கேபிளில் மட்டும்தான் கிரவுண்டு சேரும், அங்கே சேர்வதுதான் தேவை.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பத்துத் துளை இருந்தால் பத்தும் தனித்தனி என்று நினைத்துக்கொள்கிறார்கள். "இரைச்சல் இல்லாதது", "ஒவ்வொரு வழிக்கும் ஷார்ட் ப்ரொடெக்‌ஷன்" என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கும் ஐசோலேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. பத்து வழிக்கும் தனித்தனி ஃப்யூஸ் வைத்துவிட்டு, கிரவுண்டை ஒரே செப்புப் பட்டையில் சேர்த்த பெட்டிகள் ஏராளம். அது விலை கூடிய டெய்ஸி செயின், அவ்வளவுதான்.

சோதிக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். சப்ளையை மெயின்ஸிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பெடல் ஒன்றும் இணைந்திருக்கக் கூடாது. இணைந்திருந்தால் பேட்ச் கேபிள் வழியாகவே மீட்டர் கத்தும், நல்ல பெட்டியையும் தவறாகச் சந்தேகிப்பீர்கள். இரண்டு வழிகளில் டிசி கேபிளைச் செருகி, மீட்டரை கன்ட்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, ஒரு ப்ரோபை முதல் கேபிளின் உள் துளைக்குள்ளும் இன்னொன்றை இரண்டாவது கேபிளின் உள் துளைக்குள்ளும் விடுங்கள். துளை 2.1 மில்லிமீட்டர்தான், ப்ரோப் முனை வெளி உருளையைத் தொடாமல் உள் சுவரில் மட்டும் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். பீப் அடித்தால் இரண்டும் ஒரே கிரவுண்டு. "ஓஎல்" என்றோ மெகா ஓம் கணக்கிலோ காட்டினால் தனித்தனி. ஒரு ஜோடியோடு நிறுத்திவிடாதீர்கள். சில பெட்டிகளில் இரண்டு இரண்டு வழியாக ஒரே சுற்றில் கட்டியிருப்பார்கள். முதல் வழியோடு மற்ற எல்லாவற்றையும், பிறகு பக்கத்துப் பக்கத்து வழிகளையும் பாருங்கள்.

அடுத்தது ஒவ்வொரு வழியும் எவ்வளவு தரும் என்பது. மொத்தக் கணக்கு இங்கே உதவாது. வூடூ லேப் பெடல் பவர் 2 ப்ளஸ் எட்டு வழி கொண்டது, ஆனால் பெரும்பாலானவை 100 மில்லி ஆம்ப், இரண்டு மட்டும் 250. உங்கள் 300 ரிவர்புக்கு அதில் தனி ஒரு வழி போதாது. ஸ்ட்ரைமன் ஸூமாவில் ஒன்பது வழி, ஒவ்வொன்றும் 500. சியாக்ஸ் டிசி7இல் ஏழு வழி, 9 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 660. 9, 12, 15, 18 என்று வழிக்கு வழி மாற்றிக்கொள்ளலாம். பெயரைப் பார்க்காமல் இந்த எண்களைப் பார்த்து வாங்குங்கள்.

300 கேட்கும் பெடலுக்கு மிகச் சரியாக 300 தரும் வழி போதாது. டிஜிட்டல் பெடல் ஆன் ஆகும் கணத்தில் கெபாசிட்டர்கள் நிரம்பக் கூடுதலாக இழுக்கும். ஒரு வழியின் அளவில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. குறைந்தால் என்ன ஆகும்? திரை வெளிச்சம் மங்கும், பெடல் தானாக ரீஸ்டார்ட் ஆகும், ரிவர்பில் தேய்ந்து மறையும் ஓசை கரகரக்கும். எரிந்துபோகாது, ஆனால் பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

கரண்ட் அதிகம் தரக்கூடிய சப்ளை பெடலை எரிக்காது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எரிப்பது வோல்ட்டேஜும் தலைகீழ்ப் போலாரிட்டியும்தான். 7660, மேக்ஸ்1044 வகை சார்ஜ் பம்ப் ஐசி (உள்ளேயே வோல்ட்டேஜைக் கூட்டும் அல்லது தலைகீழாக்கும் சிப்) இருக்கும் பெடலுக்கு 10.5 வோல்ட்தான் உச்ச வரம்பு. 18 போட்டால் உடனே போய்விடும். பழைய ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர்களும் ஆபத்து: லேபிளில் 9 என்று இருக்கும், சுமை இல்லாமல் அளந்தால் 12, 13 காட்டும்.

---

மேடைக்கேபிள்:

ஒரு திருத்தம். டெய்ஸி செயினே கெட்டது என்று புரிந்துகொள்ள வேண்டாம். அமைதியான அனலாக் பெடல்கள் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்தால் எந்தத் தொல்லையும் வராது. எட்டுப் பெடலுக்கு எட்டு ஐசோலேட்டட் வழி தேடுவது வீண் செலவு, வீண் எடை.

இந்தப் போர்டை நான் இப்படிப் பிரிப்பேன். வா, கம்ப்ரெஸர், ஓவர்டிரைவ், கோரஸ் நான்கும் ஒரு வழியில், நான்கு முனைக் குட்டிச் செயினில். கூட்டினால் 34 மில்லி ஆம்ப்; 100 தரும் வழியே தாராளம். டிலேக்குத் தனி வழி. ரிவர்புக்குத் தனி வழி. ஃபஸ்ஸுக்குத் தனி வழி. ட்யூனருக்கும் தனி வழி, ஏனென்றால் அதுவும் டிஜிட்டல்தான்; எல்இடி வரிசையை வேகமாக மாற்றி மாற்றி எரிக்கும்போது சில ட்யூனர்கள் "டிக் டிக்" என்று கிரவுண்டில் கசியவிடும். ஆக ஐந்து வழி. ஸ்ட்ரைமன் ஓஹை போன்ற ஐந்து வழிப் பெட்டி இதற்கு அளவாக இருக்கும்.

கோரஸை அனலாக் கூட்டத்தில் போட்டது ஒன்றே ஒன்று என்பதால். அனலாக் கோரஸும் அனலாக் டிலேயும் பக்கெட் பிரிகேட் சிப்பில் (சிக்னலைப் படிப்படியாகக் கைமாற்றித் தாமதப்படுத்துவது) ஓடுபவை, அதற்கும் க்ளாக் உண்டு. அப்படி இரண்டு பெடல் ஒரே செயினில் இருந்தால் இரண்டு க்ளாக்கின் வித்தியாசம் காதுக்குக் கேட்கும் அலைவரிசையில் விழுந்து, மேலும் கீழுமாக ஊளையிடும். அப்போது ஒன்றை வேறு வழிக்கு மாற்றிவிட வேண்டும். 9 வோல்ட்டை உள்ளேயே 18 ஆக்கிக்கொள்ளும் ஓவர்டிரைவ்களுக்கும் அதே கவனம் வேண்டும். 7660ஐ அப்படியே விட்டால் அது 10 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும், அது நேராகக் காதில் விழும்.

லேபிள் எண்ணை நம்பாவிட்டால் அளந்துவிடலாம். ஒரு டிசி ஸாக்கெட்டும் ப்ளக்கும் வாங்கி, மைனஸை நேராக இணைத்து, ப்ளஸ் வயரை வெட்டி அந்த இடைவெளியில் மீட்டரைத் தொடராகப் போடுங்கள். டிஜிட்டல் பெடலை அளக்கும்போது 10 ஆம்ப் துளையில் ப்ரோபைச் செருகுங்கள். பல மீட்டர்களில் மில்லி ஆம்ப் துளையின் ஃப்யூஸ் 200 மில்லி ஆம்ப்தான். ரிவர்பை அதில் போட்டால் முதல் கணத்திலேயே ஃப்யூஸ் போகும், பிறகு எந்தப் பெடலை அளந்தாலும் பூஜ்யம் காட்டும்.

---

ஆறுதந்தி:

மூவருக்கும் நன்றி. ரிவர்பைத் தனி அடாப்டரில் போட்டேன், விசில் முக்கால்வாசி போய்விட்டது. டிலேயையும் பிரித்தேன், சுத்தமாக இல்லை.

இப்போது கையில் ஆறு வழிப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் கனமான வகை. எல்லா ஜோடியும் சோதித்தேன், ஒன்றும் பீப் அடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வழியும் 200 மில்லி ஆம்ப்தான். மேடைக்கேபிள் சொன்னபடி பிரித்தால் ஒரு வழி மிச்சம். ரிவர்புக்கு இரண்டு வழியைச் சேர்த்துக் கொடுக்கலாமா? ஃபஸ்ஸுக்கு எந்தக் கேபிள்? பெட்டியைப் போர்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது வா பெடலை மிதித்தால் "ம்ம்ம்" என்று ஹம் வருகிறது, அது எதனால்?

---

சால்டர்புகை:

சேர்க்கலாம், ஆனா மூணு நிபந்தனை. ரெண்டு வழியும் உண்மையிலேயே ஐசோலேட்டட் (பார்த்துட்டீங்க). ரெண்டும் ஒரே வோல்ட்டேஜ். பெட்டியோட மேனுவல்ல வழிகளை இணைக்கலாம்னு சொல்லியிருக்கணும். மூணும் சரின்னா கரண்ட் டபுளர் கேபிள் போடுங்க: ரெண்டு ப்ளஸ்ஸும் சேர்ந்து, ரெண்டு மைனஸும் சேர்ந்து, ஒரே ப்ளக்கா வரும். 200, 200 சேர்ந்து 400. உங்க 300 அதுல சரியா முக்கால் பங்கு.

இங்க ஒரு பொறி இருக்கு, கவனமா இருங்க. வோல்ட்டேஜ் டபுளர் கேபிளும் பார்க்க அச்சு அசலா அதே மாதிரிதான் இருக்கும், ரெண்டு முனை உள்ளே, ஒரு முனை வெளியே. அது ரெண்டு வழியைத் தொடர்ல இணைச்சு 18 வோல்ட் தரும். ரிவர்ப்ல அதைச் செருகினா பெடல் போயிடும். எந்த ஒய் கேபிளா இருந்தாலும் பெட்டியில செருகி, பெடல்ல செருகுறதுக்கு முன்னாடி முனையை மீட்டர்ல அளங்க. 9 காட்டணும், அதுவும் சிவப்பு ப்ரோப் வெளி உருளையில, கறுப்பு உள் துளையில.

ஃபஸ்ஸுக்கு எந்தக் கேபிள்னு அதோட ஜேக்தான் சொல்லும்: சென்டர் பாஸிட்டிவ்னா போலாரிட்டி ரிவர்ஸ் கேபிள் (ப்ளஸ், மைனஸை மாத்திக் கொடுக்கிறது), சென்டர் நெகட்டிவ்னா சாதாரண கேபிள். சில தயாரிப்பாளர்கள் பிஎன்பி ஃபஸ்லயும் உள்ளேயே ஒரு இன்வெர்ட்டர் வெச்சு, சென்டர் நெகட்டிவ்லயே ஓடுற மாதிரி பண்ணியிருப்பாங்க. அதுக்குச் சாதாரண கேபிள்தான். ஜேக் பக்கத்துல இருக்கிற போலாரிட்டி குறியைப் படிங்க. நிஜமாவே பாஸிட்டிவ் கிரவுண்டுன்னா அந்த வழியில வேற எந்தப் பெடலும் இருக்கக் கூடாது, குட்டிச் செயின்ல ஒட்டிவிடவே கூடாது. ரிவர்ஸ் கேபிளோட ரெண்டு முனையிலயும் சிவப்பு டேப் சுத்தி வெச்சிடுங்க. அது மாறி வேற பெடலுக்குப் போனா, உள்ளே பாதுகாப்புக்கு 1என்4001 டயோடு குறுக்கா இருக்கிற பெடல்ல அந்த டயோடு வழியா கரண்ட் பாயும்; 200லே கட்டுப்படுத்துற வழின்னா டயோடு தாங்கிடும், 2 ஆம்ப் அடாப்டர்னா டயோடு கருகிடும். டயோடே இல்லாத பெடல்னா ஐசி போகும்.

என்னைக் கேட்டா அந்த ஃபஸ்ஸைப் பாட்டரியிலயே விட்டுடுங்க. ரெண்டு டிரான்ஸிஸ்டர் ஃபஸ் இழுக்கிறது ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்ப்தான். 9 வோல்ட் ஆல்கலைன் பாட்டரி 500 மில்லி ஆம்ப்-மணி பக்கம் தரும், நூத்துக்கணக்கான மணி நேரம் ஓடும். இன்புட் ஜேக்ல இருந்து ப்ளக்கை எடுத்து வெச்சா பாட்டரி தானா துண்டிச்சுக்கும், அந்தப் பழக்கம் மட்டும் வேணும். ஜெர்மானியத்துக்குச் சாதாரண கார்பன்-ஸிங்க் பாட்டரிதான் இன்னும் இதமா இருக்கும்ங்கிறது என் காது சொல்றது.

---

கம்பிச்சுருள்:

வா ஹம்முக்குப் பவர் வயர் காரணமில்லை. வா பெடலுக்குள் ஒரு இண்டக்டர் சுருள் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலத்தை அது கிடார் பிக்கப் (கம்பி அதிர்வை சிக்னலாக்கும் சுருள்) போலவே பிடிக்கும். எந்த ஐசோலேஷனும் இதைத் தடுக்காது, தூரம்தான் மருந்து. வாவை மிதித்துத் திறந்தபடியே கையில் எடுத்துப் பெட்டியிலிருந்து மெல்ல நகர்த்துங்கள். ஒரு சாண் தாண்டுவதற்குள் ஹம் மளமளவென்று விழுவது கேட்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 90 டிகிரி திருப்பினாலே சில இடங்களில் ஹம் பாதியாகும். வா பொதுவாக வலது முனையில் இருக்கும், ஆகவே பெட்டியை இடது பின் மூலையில், டிலே ரிவர்புக்கு அடியில் கட்டுங்கள். ஃபஸ்ஸையும் ஓவர்டிரைவையும் அதற்கு நேர் மேலே வைக்காதீர்கள்.

வயர் போடும்போது டிசி கேபிள்களைப் போர்டின் ஒரு விளிம்பிலும் பேட்ச் கேபிள்களை மறு விளிம்பிலும் ஓட்டுங்கள். மெயின்ஸ் வயர் ஆடியோ கேபிளைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே நீளமாகப் போகக் கூடாது. மிச்சமுள்ள டிசி கேபிளை இறுக்கிச் சுருட்டிக் கட்டாமல் அகலமாக மடித்துக் கட்டுங்கள். ப்ளக் கழுத்தில்தான் வயர் முறியும், அங்கே இழுவிசை இல்லாமல் இரண்டு விரல் அளவு தளர்வு விடுங்கள்.

பெட்டியையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். அதற்குப் பிறகும் ஹம் மிச்சமிருந்தால் ஆம்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகத்தான் செய்யும், ஆனால் ஆம்புக்குள் ஒரு பழுது வந்தால் மெயின்ஸ் முழுவதும் கிடார் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும். ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த ஹம் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போகும் யுஎஸ்பி கேபிளிலிருந்து வருவது. ரிவர்பில் அது செருகியிருந்தால் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

---

ஆறுதந்தி:

ரிவர்பில் யுஎஸ்பி இருந்தது, எடுத்துவிட்டேன். பெட்டி இடது பின் மூலைக்குப் போய்விட்டது, வா அமைதி. ஒய் கேபிளை அளந்தேன்: 18.2 காட்டியது. கடைக்குத் திரும்பப் போகிறது. மேனுவலில் வழிகளை இணைக்கலாம் என்று இருக்கிறது, சரியான கேபிள் வரும்வரை ரிவர்பை அதன் சொந்த அடாப்டரிலேயே ஓட்டுகிறேன்.

---

மேடைக்கேபிள்:

நல்லவேளை அளந்தீர்கள். அந்த ஒரு அடாப்டரையும் பெட்டி செருகியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். புதுக் கேபிள் வந்ததும் அதையும் முதலில் மீட்டரில் வைத்து, 9 என்று கண்ணால் பார்த்துவிட்டு ரிவர்பில் செருகுங்கள்.